தவணை கடந்த குக்கர்

நெல்லிமேடு,
உத்திரமேரூர் வட்டம்.
வெள்ளிக்கிழமை (நூலக வார விடுமுறை)

பெருமதிப்புக்குரிய சம்பந்தி, தாமல் பச்சமுத்து அவர்களுக்கு, நெல்லிமேடு நூலகர் தாமோதரன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஆதிலட்சுமியும் சௌக்கியம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா ஆண்டாளம்மாள் அவர்களும், மாப்பிள்ளையும், தங்கள் வீட்டுக்கு வந்து இருபது நாள்கூட ஆகாத எங்கள் பிரபாவும், கறவை மாடுகளும், தாமல் ஏரியில் மிச்சமிருக்கும் தண்ணீரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வரதராஜப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் இரண்டு விஷயம். ஒன்று: செவ்வாய்க்கிழமை தங்கள் போனுக்கு எங்கள் நூலகத்திலிருந்து வந்த செய்தியை நம்ப வேண்டாம். நாங்கள் கொடுத்த சீரில் ஒரு சொம்பைக்கூடத் தாங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. இரண்டு: அந்தக் குக்கரை மட்டும் தயவுசெய்து திருப்பித் தரவும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது எனக்கே தெரிகிறது. போனில் விளக்கலாம் என்றால் மூன்று நாளாகத் தங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அது ஏன் என்று யோசிக்க யோசிக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி, நாளைக்குக் காஞ்சிபுரம் போகும் முதல் பஸ்ஸில் ஆள் மூலம் அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தங்களுக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷமாக நான் நூலகர். ஆறாயிரத்துச் சொச்சம் புத்தகம், அதற்கு ஒரு மர அலமாரி நிறைய அட்டைகள். யார் என்ன கேட்டாலும் எந்தத் தட்டு, எத்தனையாவது புத்தகம், அதற்குள் யார் வீட்டு ரேஷன் ரசீது மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இப்படி இருந்தவனுக்குச் சித்திரை மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரும், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியும், பார்கோடு சீட்டு மூன்று சுருளும் வந்தன. இனி அட்டை கிடையாது, எல்லாப் புத்தகத்துக்கும் சீட்டு ஒட்டி, துப்பாக்கியால் சுட்டு, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றார்கள். காஞ்சிபுரத்தில் ஒருநாள் பயிற்சி வகுப்பு. காலை வகுப்பில் ஏற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். "எடுத்த எடுப்பில் புத்தகத்தில் கை வைக்காதீர்கள். வீட்டில் இருக்கிற நாலு சாமானை ஏற்றிப் பழகுங்கள், பிறகு அழித்துவிடுங்கள்" என்றார் அந்த ஆசிரியர். அழிப்பது எப்படி என்பது மத்தியான வகுப்பு. மத்தியானம் நான் வகுப்பில் இல்லை. பிரபாவுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஆதிலட்சுமி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றுகொண்டிருந்தாள், போய்விட்டேன். இவ்வளவு வினையும் அந்த அரைநாளில் விளைந்ததுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கூடம் முழுக்கச் சீர் சாமான். கட்டில், பீரோ, மெத்தை, குத்துவிளக்கு, அண்டா, குடம், மிக்சி, குக்கர் என்று மொத்தம் இருபத்து மூன்று. பழகுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? நூலகத்துக் கம்ப்யூட்டரை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். வழக்கப்படி பாத்திரங்களில் பேர் வெட்ட ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. நான்தான், "இந்தக் காலத்தில் எவன் பேர் வெட்டுகிறான்? சீட்டு ஒட்டினால் உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் தேடலாம்" என்றேன். ஆதிலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏங்க, ஆயிரம் வருசத்துக்கு முன்ன எலக்சன் ரூலயே கல்லுல வெட்டி வச்ச ஊரு நம்ம உத்தரமேரூரு. நீங்க இன்னாடான்னா அண்டாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கினு கீறீங்க. பேர் வெட்டலன்னா அது சீரா, கடை சரக்கா?" என்றாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் நூலகத் துறை எப்படி முன்னேறும் என்று நான் ஒட்டிக்கொண்டே போனேன்.

அந்தக் கம்ப்யூட்டர் லேசுப்பட்டது இல்லை, சம்பந்தி. ஒரு கட்டத்தை வெறுமனே விட்டால் அடுத்த கட்டத்துக்கு விடாது. குக்கரைச் சமையற்கலைப் பிரிவில் சேர்த்தேன். ஆசிரியர் யார் என்று கேட்டது, கம்பெனி பேரைப் போட்டேன். குத்துவிளக்குக்கு ஆசிரியர் தெரியவில்லை, "பண்டைப் புலவர்" என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. கட்டிலுக்கு எத்தனை பக்கம் என்று கேட்டது. நாலு பக்கம் என்றேன், அதையும் ஏற்றுக்கொண்டது. கடைசியில் இரவல் பெறுபவர் யார் என்று கேட்டபோதுதான் என் புத்தி கெட்டது. பழகத்தானே என்று தங்கள் பெயரையும் போன் நம்பரையும் போட்டு, கல்யாணத் தேதியையே இரவல் தேதியாகவும் வைத்து, இருபத்து மூன்றையும் தங்கள் கணக்கில் ஏற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிரபா, ஒரு சீட்டை உரித்துத் தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு, "என்னியும் ஏத்திடு நைனா. பதினாலு நாள் தவணை முடிஞ்சா திரும்பி வந்துடறேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சீட்டை மெதுவாகப் பிய்த்துக் கசக்கிப் போட்டேன்.

பிறகு கல்யாணக் களேபரத்தில் அழிக்க வேண்டும் என்பதையே மறந்துபோனேன். கம்ப்யூட்டர் மறக்குமா? சரியாகப் பதினைந்தாம் நாள், "அன்பார்ந்த உறுப்பினரே, தாங்கள் இரவல் பெற்ற 'குக்கர், ஐந்து லிட்டர்' உள்ளிட்ட 23 நூல்கள் தவணை கடந்துவிட்டன. உடனே திருப்பித் தரவும்" என்று தங்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. கொடுத்த சீரைப் பதினைந்தாம் நாள் திருப்பிக் கேட்டவன் நம் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் கேட்கவில்லை, கம்ப்யூட்டர்தான் கேட்டது என்று சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்?

வெந்த புண்ணில் வேல் பாய்ந்த கதையாக, மறுநாள் புதன்கிழமை எங்கள் நூலகத்துக்குத் தேவயானி என்று ஓர் அம்மா வந்தார். பொருள்களின் தரத்தைச் சோதிக்கும் மத்திய அரசு அலுவலகத்திலிருந்து வருகிறாராம். பஜாரில் புதிதாக முளைத்த ஒரு பாத்திரக் கடையில் அவர்கள் சோதனை போட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கர்களை வண்டி நிறைய அள்ளிப் போயிருக்கிறார்கள். அந்தக் குக்கரில் ஆவி சரியாக வெளியேறாதாம், மூடி எகிறிக் கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகுமாம். ஏற்கனவே வாங்கிப் போனவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொண்டு வருகிறார். முத்திரைக்குக் கீழே ஓர் எண் இருக்குமாம். அதைப் போனில் போட்டால், யார் செய்தது, அனுமதி உண்டா இல்லையா என்று அந்தக் குக்கரின் ஜாதகமே வந்துவிடுமாம். "எண் இல்லாத பொருள் அநாதை சார்" என்றார். முப்பத்தொரு வருஷமாக நான் புத்தகங்களைப் பற்றிச் சொல்லிவருவதும் அதையேதான். எனக்கு அந்த அம்மாவை அப்படியே பிடித்துப்போயிற்று. கூட்டத்தில் எங்கள் தெருப் பாஞ்சாலி எழுந்து, "எங்கூட்டு குக்கரு விசிலே அடிக்க மாட்டேங்குது மேடம். என் வூட்டுக்காரரும் நான் கூப்ட்டா ஏன்னு கேக்க மாட்டேங்கறாரு. ரெண்டுத்துக்கும் ஒரே எடத்துல எழுதிக் குடுக்கலாமா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கள் வீட்டுக் குக்கரை நான் வாங்கியது அதே கடையில்தான்.

அதில் முத்திரை இருந்ததா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், குறி வைத்தாற்போல, நான்தான் நூலகச் சீட்டை ஒட்டித் தொலைத்திருக்கிறேன். அந்தப் பசை சாமானியம் இல்லை. சுரண்டினால் கீழே இருப்பதும் சேர்ந்து உரிந்து வந்துவிடும், தயவுசெய்து சுரண்ட வேண்டாம். அதற்கென்று ஏதோ மருந்து இருக்கிறதாம், கொண்டுவந்தால் துடைத்துப் பார்த்துச் சொல்வதாகத் தேவயானி அம்மா சொல்லியிருக்கிறார். அன்றைக்கே பிரபாவைப் போனில் பிடித்து, "குக்கரை அடுப்பில் ஏற்றாதே அம்மா" என்றேன். அவள், "ஏன் நைனா, மெசேஜ் அனுப்பினது பத்தலியா? சமைக்கவும் கூடாதா?" என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவளும் எடுக்கவில்லை.

சம்பந்தி, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். குக்கர் வெடிப்பதுகூட எனக்கு இரண்டாவது பயம்தான். "சீரைத் திருப்பிக் கேட்கிற வீட்டுப் பெண் நமக்கு எதற்கு?" என்று தங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து, என் மகள் பெட்டியோடு பஸ் ஏறிவிடுவாளோ என்பதுதான் முதல் பயம். மூன்று நாளாக வாசலில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். நேற்று தபால்காரர் வந்து நின்றதற்கே தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

ஆகவே, இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடம் குக்கரைக் கொடுத்தனுப்பவும். பதிலுக்கு முத்திரையும் எண்ணும் போட்ட புதுக் குக்கர், மூடியைத் திறந்து மூடிச் சரிபார்த்து, பெயரும் வெட்டி, பத்து நாளில் நானே கொண்டுவந்து தருகிறேன். மற்ற இருபத்திரண்டும் என்றைக்கும் தங்களுடையவை. பேரனோ பேத்தியோ பிறந்து, அந்தக் கட்டிலில் குதித்து, நாலு பக்கத்தில் ஒரு பக்கத்தை உடைத்தாலும் நூலகம் கேள்வி கேட்காது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் பிரபாவுக்கும் ஆசிகள். நெல்லும் பாலும் பொங்கி, தாங்கள் எல்லோரும் நூறாண்டு வாழ வேண்டும்.

என்றும் தங்கள் கோபத்துக்கு அஞ்சும்,
தாமோதரன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இனிமேல் தேவைப்படாது. ஆனாலும் காலையெல்லாம் உட்கார்ந்து எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. இதைத் தங்கள் சட்டைப் பையிலேயே வைத்துவிடுகிறேன். சட்டை இப்போது எங்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிறது. தாங்கள் வேப்பமரத்தடியில், அந்த நாலு பக்கக் கட்டிலிலேயே படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

நடந்தது இதுதான். கடிதத்தை உறையில் போடும் முன் ஆதிலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். குக்கர் சங்கதியை அதுவரை அவளிடம் சொல்லவில்லை, பயப்படுவாளே என்று. அவள் பயப்படவில்லை. "நீங்க அந்தக் குக்கர வாங்கியாந்த அன்னிக்கே மூடிய மூடிப் பாத்தேன். குடிச்சவனாட்டம் ஆடிச்சி. மறுநாளே காஞ்சிவரம் போயி, முத்திர போட்டது ஒண்ணு பாத்து வாங்கியாந்துட்டேன். நீங்க சீட்டு ஒட்டினதே அதுலதான். எல்லாத்தியும் கம்ப்யூட்டர்ல ஏத்தறதுக்கு முன்ன ஒரு தபா மூடிப் பாத்துருக்கலாம் இல்ல?" என்றாள். ஆடின குக்கர் எங்கே என்று கேட்டேன். பரண்மேல் இருக்கிறதாம், புளி போட்டு வைத்திருக்கிறாளாம். ஒரு மாதமாக அந்தப் புளியில்தான் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அதைத் தேவயானி அம்மாவிடம் ஒப்படைக்க எடுத்து வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தங்கள் வண்டி வந்து நின்றது. பின்னால் பீரோவும் கட்டிலும் அண்டாவும் தெரிந்தன. சீர் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. நான் சாமானைப் பார்க்கவில்லை, சம்பந்தி. முன் சீட்டில் பிரபா உட்கார்ந்திருக்கிறாளா என்று மட்டும்தான் பார்த்தேன். இல்லை. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

தாங்கள் இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், நாளைக்கு நான் கயிறு திரித்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது: "மன்னிச்சிக்கோங்க சம்பந்தி, மூணு நாள் லேட்டாயிடுச்சி. வண்டி கெடைக்கல. மொத்தமா ஒண்ணு வந்துது, அப்பறம் ஒரு பொருளுக்கு ஒரு மெசேஜ்னு வந்துகினே கெடந்துது, போன ஆஃப் பண்ணி வச்சிட்டேன். எல்லாத்துலயும் நம்பர் ஒட்டிக்கீது, கவர்மெண்ட்டுல சீரயெல்லாம் செக் பண்ணிட்டுத் திருப்பித் தருவாங்க போலன்னு ஊருல பேசிக்கினாங்க. நல்லதுதானேன்னு ஏத்தினு வந்துட்டேன். நீங்களே எண்ணிப் பாத்துக்கோங்க, லிஸ்ட்ல இருக்கற இருபத்து மூணும் கீது. பிரபா பேரு லிஸ்ட்ல இல்ல, மூணு தபா பாத்துட்டேன். அதனால அத மட்டும் கொண்டார்ல. அது எங்கூட்டுது."