ஏப்ரல்ல போலாமே

நாற்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் முதல் முறையாக மனைவியிடம் ஒரு விஷயத்தை மறைத்தே தீருவது என்று டெல்மர் ஜாலி சபதம் செய்துகொண்டார். அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி, சமையலறையில் டெலிபோனைக் கையில் பிடித்தபடி செய்த சபதம்.

ஜாலி என்பது குடும்பப் பெயர். யூட்டாவின் அந்தப் பள்ளத்தாக்கில் ஜாலிகள் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஒருத்தர் முகத்திலாவது அந்தப் பெயர் ஒட்டியிருந்ததா என்றால் இல்லை. டெல்மர் அவர்களிலும் ஒரு படி மேல். முப்பத்தோரு வருடம் மலைச்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சிரிக்க வேண்டுமென்றால் முதல் நாளே யோசித்து வைத்துக்கொள்வார்.

போனில் பேசியவள் கிளினிக் நர்ஸ். போன மாதம் அவர் மனைவி நெட்ரா வயிற்று வலி என்று போய் எடுத்துக்கொண்ட பரிசோதனைகளின் முடிவு வந்துவிட்டதாம். கணையத்தில் கட்டி. கல்லீரலுக்கும் போய்விட்டது. வெட்டி எடுக்க முடியாது. மருந்து கொடுத்தும் பிரயோஜனமில்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் வரை என்று டாக்டர் நினைக்கிறார். தள்ளிப் போனால் ஜனவரி.

"இதை அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"வீட்டு நம்பருக்கு இப்பத்தாங்க பேசறேன்."

"சொல்லிடாதீங்க. நானே பாத்துக்கறேன். நான் சொல்ற வரைக்கும் அங்க யாரும் மூச்சு விடக் கூடாது."

"சரிங்க" என்றாள் நர்ஸ்.

ஒரு பெண் இத்தனை சீக்கிரம் தன் பேச்சுக்குத் தலையாட்டி டெல்மர் பார்த்ததில்லை. அந்தத் துக்கத்திலும் அது அவருக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது.

நெட்ரா வீட்டில் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவள் சபைக் கூடத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பாள். பன்னிரண்டு மணிக்கு வருவாள். அதுவரை அழலாம் என்று டெல்மர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் யோசனை வந்தது.

அவளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சாயங்காலத்துக்குள் சபைப் பெண்கள் ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள், திங்கள் யார் சூப், செவ்வாய் யார் ரொட்டி என்று. இருபது வருடமாக அந்தப் பட்டியலைப் போட்டவளே நெட்ராதான். இப்போது அவள் பெயரிலேயே பட்டியல் கிளம்பும். சபையை நடத்தும் பிஷப் வருவார். வருகிறவர்கள் எல்லாரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவளைப் பார்ப்பார்கள். இருக்கிற கொஞ்ச நாளும் அந்தத் தலைகளுக்குப் பதில் சொல்லியே போய்விடும். கூடாது. இன்னும் ஒரு மூன்று வாரமாவது அவள் ஒன்றும் தெரியாமல் பழைய நெட்ராவாக இருக்க வேண்டும். டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

ஒரே ஒரு சிக்கல். பொய் சொன்னால் டெல்மருக்குக் காது சிவந்துவிடும். கல்யாணமான புதிதில் கண்டுபிடித்துவிட்டாள் நெட்ரா. அதற்குப் பிறகு அவர் வாய் சொல்வதை அவள் கேட்பதே இல்லை, காதைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வாள். ஆகவே டெல்மர் அலமாரியில் தேடி, லாரி ஓட்டிய காலத்துக் கம்பளிக் குல்லாயை எடுத்துக் காது மூட மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள், அடுப்புப் பக்கத்தில், சாப்பாட்டு மேஜையில், எங்கும் குல்லாய். நெட்ரா வந்தாள். பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஏமாற்றிவிட்டோம் என்று டெல்மருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மறுநாள் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து ஸ்டூலில் ஒரு விளம்பரத் தாள் கிடந்தது. கேபிடல் ரீஃப் பூங்கா. ரத்தச் சிவப்பில் பாறைச் சுவர், கீழே ஆறு, பழத்தோட்டம். வீட்டிலிருந்து அறுபது மைல். முப்பது வருடமாக நெட்ரா கேட்டுக்கொண்டிருந்தாள், அங்கே போய் ரெண்டு ராத்திரி தங்கலாம் என்று. முப்பது வருடமாக டெல்மர் ஒரே பதில்தான் சொல்லிவந்தார்: கொல்லைப்புறத்தில் இல்லாத கல்லா? அதை நினைத்தபோது அவருக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது. பெற்று வளர்த்த ஐந்து பிள்ளைகளுக்காக எங்கெங்கோ போனாள். அவள் கேட்டது அறுபது மைல்.

அன்று மத்தியானமே ஆரம்பித்தார்.

"நெட்ரா, கேபிடல் ரீஃப் போலாமா? ரெண்டு ராத்திரி, கூடாரம் போட்டு."

அவள் பீச் பழம் அடைத்த பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி நின்றது.

"யாரு, நீயா? கொல்லைப்புறத்துல இல்லாத கல்லான்னு கேட்ட ஆளாச்சே."

"இப்ப நல்லா இருக்காம்."

"கல்லா?"

"ஆமா."

"சரி, போலாம். ஏப்ரல்ல போலாமே. ஆப்ரிகாட் மரமெல்லாம் பூத்து நிக்கும்."



"ஏப்ரல் வேணாம். இந்த மாசமே போலாம்."

"ஏன்?"

"ஏப்ரல்ல பாம்பு."

"பாம்பு இப்பவும்தான் இருக்கு."

"இப்ப அது தூங்கப் போற நேரம். ஏப்ரல்ல பசியோட எந்திரிக்கும்."

"பாம்புக்கு நான் பயந்து நீ பாத்திருக்கியா? போன வருஷம் கோழிக்கூண்டுல வந்தப்போ மண்வெட்டியை எடுத்தது யாரு, மேஜை மேல ஏறுனது யாரு?"

"வெள்ளம் வரும்."

"வெள்ளம் ஆகஸ்ட்ல."

"பள்ளிக்கூடத்துப் பசங்க லீவுக்குக் கூட்டமா வருவாங்க."

"நமக்கும்தான் அஞ்சு பேரு பொறந்தாங்க. பசங்க கத்தினா உனக்குக் காது கேக்கவா போவுது? அதான் குல்லா போட்டிருக்கியே."

டெல்மர் குல்லாயை இன்னும் கீழே இழுத்தார்.

"என் முட்டி இருக்கே நெட்ரா. குளிர்காலம் முடிஞ்சா முட்டி பிடிச்சுக்கும்."

"ஏன், முட்டி ஏப்ரல்ல இருக்காதா?"

"முட்டி இருக்கும்" என்று சொல்லிவிட்டு டெல்மர் வாயை மூடிக்கொண்டார்.

நெட்ரா கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"அப்ப எது இருக்காது?"

டெல்மர் இரண்டு தரம் செருமினார்.

"இடம்" என்றார். "இடம் இருக்காது. ஏப்ரலுக்கு இப்பவே எல்லாரும் துண்டு போட்டு வெச்சிருப்பாங்க."

நெட்ரா அவர் குல்லாயைப் பார்த்தாள். பிறகு பாட்டிலை எடுத்து மறுபடி துடைத்தாள்.

"சரி. இந்த மாசமே போலாம். ஆனா ஒண்ணு. இது உன் பயணம். நான் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட மாட்டேன். துணி, சாப்பாடு, சாமான், இடம் பிடிக்கிறது, எல்லாம் நீதான்."

ஜெயித்துவிட்டோம் என்று டெல்மர் நினைத்தார். பாவம்.

டெல்மர் ஜாலிக்குத் தன் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. துணி துவைக்கும் இயந்திரத்தை அவர் நாலு தரம் ரிப்பேர் செய்திருக்கிறார். ஒரு தரம்கூட ஓட்டியதில்லை. நெட்ரா ஜன்னல் ஓரச் சோபாவில் காலை நீட்டிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தே உத்தரவு பறந்தது.

"வெள்ளையைத் தனியாப் போடு. தனியான்னா தனியா! அந்தச் சிவப்புச் சட்டை என்ன வெள்ளையா?"

முதல் வாரத்தில் அவருடைய உள்ளாடை எல்லாம் ரோஜா நிறமாயிற்று. நெட்ராவின் கம்பளிச் சட்டை பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கியது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு டெல்மர் நின்றபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டாள். டெல்மர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் மனிதரை அவள் வாட்டி எடுத்தாள்.

"உருளைக்கிழங்கு செய்யக் கத்துக்கோ. சாவு வீட்டு உருளைக்கிழங்கு."

அந்தப் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர். துருவிய உருளைக்கிழங்கு, சீஸ், புளித்த கிரீம், மேலே நொறுக்கித் தூவிய கார்ன்ஃபிளேக்ஸ். யார் வீட்டில் யார் போனாலும் அடக்கம் முடிந்து வருவதற்குள் பத்துத் தட்டு வந்து இறங்கிவிடும்.

"கூடாரத்துல தங்கப் போறவங்களுக்கு எதுக்கு அது? வேற ஒண்ணும் தோணலியா உனக்கு?"

"அது ஒரு தரம் செஞ்சா மூணு நாளைக்கு வரும். ஒரு ஆளுக்குன்னா ஆறு நாளு."

"நாம ரெண்டு பேராச்சே."

"அதான் மூணு நாளுன்னேன். துருவு."

துருவினார். முதல் தட்டு கரிந்தது. இரண்டாவது தட்டில் உப்பு இல்லை. மூன்றாவதைத் துருவும்போது கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"என்ன, அழுவுறியா?"

"வெங்காயம்."

"வெங்காயம் இன்னும் நறுக்கவே இல்லியே, டெல்மர்."

அவர் அவசரமாக ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்கினார்.

இடம் பிடிப்பது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. கூடாரம் போடுகிற இடமெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பே கம்ப்யூட்டரில் பதிவாகிப் போயிருந்தது. யாராவது ரத்து செய்தால்தான் உண்டு. தினம் காலை எட்டு மணிக்கு டெல்மர் குல்லாயோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒரே விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் ஓர் இடம் திறந்தது. ஆற்றோரம், மர நிழல், அதுவும் கேட்ட தேதிக்கே. அழுத்தினார். கிடைத்துவிட்டது!

"நெட்ரா! பிடிச்சுட்டேன்! எவனோ ஒரு முட்டாள் இந்த இடத்தை விட்டிருக்கான்!"

"உன் அதிர்ஷ்டம்" என்றாள் நெட்ரா சோபாவிலிருந்து.

கிளம்புகிற நாள் வந்தது. பிக்-அப் வண்டியில் கூடாரம், போர்வை, அடுப்பு, ஐஸ் பெட்டி, உருளைக்கிழங்கு, மாத்திரை எல்லாம் ஏறிவிட்டன. எல்லாவற்றையும் டெல்மர் ஒருவரே ஏற்றினார், ஒன்றையும் மறக்கவில்லை. நெட்ரா முன் இருக்கையில் சின்னதாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரத்தில் இன்னும் மெலிந்திருந்தாள். ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது போதும் டெல்மருக்கு. வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று அவருக்கு இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு ஆர்வில்லா வேலியோரமாக ஓடி வந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. நெட்ராவின் கையை ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லபடியா போய்ட்டு வாங்க. பிரதர் ஜாலி, கூடாரத்தை ஆத்துப் பக்கமாப் போடாதீங்க, விடிகாலைல ஈரம் அடிக்கும். அந்தப் பெரிய மரத்தடிலதான் நாங்க வருஷா வருஷம் போடுவோம்."

"எந்த மரத்தடில?"

"அதான், நம்ம முப்பத்தேழாம் நம்பர் இடத்துல..." என்று ஆரம்பித்த ஆர்வில்லா, நெட்ரா முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

டெல்மர் அந்த நம்பரை ஊரில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

"என் அடுப்புல ஏதோ தீயுது" என்று ஆர்வில்லா வந்த வழியே ஓடிப்போனாள்.

டெல்மர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருகவில்லை.

"இடத்தை விட்ட முட்டாள் ஆர்வில்லாவா?"

"நான்தான் விடச் சொன்னேன். எட்டு மணிக்கு நீ உக்காந்ததும் ஜன்னல்லேருந்து அவளுக்குக் கையாட்டினேன். ஒரு வாரமா அவளும் குடும்பத்துக்குன்னு பிடிச்சு வெச்சிருந்த மத்த மூணு இடத்தையும் ஒண்ணொண்ணா ரத்து பண்ணிப் பாத்தா, ஒவ்வொரு தரமும் நீ தட்டுறதுக்குள்ள வேற எவனோ பிடிச்சுட்டான். கடைசியா எப்படியோ உன் விரலுக்கு ஆப்பிட்டது."

"அந்த விளம்பரத் தாளு?"

"கழிப்பறையைத் தவிர வேற எங்க வெச்சா நீ படிப்பே?"

அடுத்ததைக் கேட்கவே டெல்மருக்குப் பயமாக இருந்தது. கேட்டார்.

"அப்போ... கிளினிக்லேருந்து போனு?"

"எனக்கு அதுக்கு முந்தின வாரமே சொல்லிட்டாங்க. செவ்வாக்கிழமை பத்து மணிக்குப் பேசுங்க, வீட்டுக்காரர் தனியா இருப்பாரு, அவருகிட்டயும் சொல்லிடுங்கன்னு நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

"பசங்களுக்கு?"

"தெரியும்."

"பிஷப்?"

"அவருக்கும் தெரியும். உன் காதுல விழாம ஒரு மாசம் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு சொல்லியிருக்கேன். பாவம், சூப்பைக்கூட ஆர்வில்லா வீட்டுலதான் இறக்கி வெச்சுட்டுப் போறாங்க."

டெல்மர் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காது, மூக்கு, கழுத்து எல்லாம் சிவந்திருந்தது.

"நீயே சொல்லியிருக்கலாமே நெட்ரா. எங்கிட்ட நீயே..."

"சொல்லியிருந்தா நீ உக்காந்து அழுதிருப்பே. நான் பக்கத்துல உக்காந்து உன்னைத் தேத்தணும். எனக்கு அவ்வளவு நேரம் இல்ல, டெல்மர். மறைக்கிறதுக்கு ஒரு வேலை குடுத்தா நீ அதுலயே சுறுசுறுப்பா இருப்பேன்னு தெரியும். இருந்தியே. துணிகூடத் துவைக்கக் கத்துக்கிட்டே."

இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அப்போது உடைந்தது. ஸ்டீரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, எழுபத்தோரு வயது மனிதர், ஹாரன் விட்டு விட்டு ஒலிக்க, தேம்பித் தேம்பி அழுதார். நெட்ரா அவர் முதுகில் ஒரே ஒரு தரம் தடவிக்கொடுத்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"நகந்து உக்காரு. நான் ஓட்டறேன். அறுபது மைல் இருக்கு, அதுக்குள்ள அழுது முடிச்சுடு. அங்க போயி நான் பாறையைப் பாக்கணும், உன் மூஞ்சியை இல்ல."