சம்பந்தி வீட்டுச் சுவரில் மாட்டிய ஆறு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

எதிர்க்கரையிலிருந்து வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். கரையே உங்களுடையதாக இருக்கும்போது சௌக்கியத்துக்கு என்ன குறை. இங்கே நாங்களும் இருக்கிறோம், சேற்றில்.

தாங்கள் பழைய சாமான் கடையில் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தக் காலத்து ஆற்று வரைபடத்தைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். எனக்குப் பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். கடல் இருந்த பாதியைக் கரையான் தின்றுவிட்டது, ஊர்ப்பெயர்களெல்லாம் மாறிப்போய்விட்டன, ஆனாலும் நாம் இருவரும் அதைப் படகுத்துறைக்கு எடுத்துப் போய், படத்தில் ஆறு போகும் திசைக்குப் போட்டிருந்த அம்புக்குறியைத் தண்ணீர் ஓடும் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தோமா, உங்கள் கரையில் சரக்குக் கிட்டங்கி, பள்ளிக்கூடம், படகு கட்டும் கொட்டகை, மாட்டுத்தொழுவம் வரை வந்து நிற்கிறது. என் கரையில் வெறும் புள்ளிகள். புள்ளி என்றால் சேறு என்று தாங்களே விளக்கி, "விடுங்க சம்பந்தி, காத்து நல்லா வரும்ல" என்று ஆறுதல் வேறு சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு எனக்கென்று ஒரு நகலும் கொடுத்தனுப்பினீர்கள். விடுமுறைக்கு வரும் பேத்தி பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்பது நம் பேச்சு. மாட்டுத்தொழுவம் உள்ள தாத்தாவை விட்டுவிட்டுப் புள்ளித் தாத்தாவிடம் எந்தக் குழந்தை வரும்? ஆகவே படத்தைக் கழற்றுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
எதிர்க்கரைச் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பேத்தி நேராக இங்கே வந்து இறங்கினாள். நகலைப் பார்த்தாள். "பாவம் தாத்தா, உனக்கு ஒண்ணுமே இல்ல. லீவு பூரா உன்கூடயே இருக்கேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து என் மனைவி வந்து, "கடல் ஏறுற நேரத்துல போய் நின்னா தண்ணி தலைகீழாத்தான் ஓடும். ரெண்டு பெரிய மனுஷங்களும் கடலுக்கு முதுகைக் காட்டிட்டா நின்னீங்க?" என்று கேட்டு, படத்தை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். மாட்டுத்தொழுவம் உட்பட எல்லாம் என் கரை. சேறு உங்களுடையது. பேத்தி உடனே, "அப்ப அந்தத் தாத்தாதான் பாவம்" என்று பையை எடுத்துவிட்டாள். இந்தக் கடிதம் அவள் கையில்தான் படகில் வருகிறது. படத்தைக் கழற்ற வேண்டாம். பள்ளிக்கூடமும் தொழுவமும் உங்களுடையவையே என்று அவளிடம் அடித்துச் சொல்லி அடுத்த படகிலேயே திருப்பி அனுப்புங்கள். சேறு என்னுடையது, விட்டுத்தர மாட்டேன்.