தொய்வு அண்ணாச்சியும் ஒரு நேர்கோடும்

உலகத்தில் நேர்கோடு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, தொய்வு அண்ணாச்சிதான். அவர் கரண்ட் ஆபீஸ் லைன்மேன். கம்பத்துக்குக் கம்பம் கம்பி எவ்வளவு தொங்க வேண்டும் என்று கண்ணாலேயே அளந்து சொல்வார். அந்தத் தொங்கலுக்குத் தொய்வு என்று பெயர். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் டுடோரியல் ஒன்றில் பத்தாம் வகுப்புக் கணக்குக்காக ஞாயிறுதோறும் நாங்கள் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்தபடி, கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். அவரோ கோட்டையே ஒப்புக்கொள்ளாமல் நான்கு முறை தோற்றவர். பாஸானால்தான் அவருக்கு அடுத்த பதவி.

"முட்டி தேஞ்சு போச்சு தாயி. கம்பம் ஏறுறதே பெரும்பாடா இருக்கு. இந்தத் தடவ விட்டா வயசு தாண்டிரும், பொறவு கெடையாது" என்பார்.

அப்படிப்பட்டவர் வாயை மூடிக்கொண்டு படிக்க வேண்டாமா? முதல் வகுப்பில் கணக்கு சார் இரண்டு புள்ளி வைத்து நடுவே கோடு இழுத்ததுமே எழுந்துவிட்டார்.

"சார், தொய்வு விடலயே?"

"என்னது?"

"இம்புட்டு வெறப்பா இழுத்துக் கட்டுனா மார்கழிக் குளிருக்குக் கம்பி சுருங்கி அத்துரும்."

"இது கம்பி இல்லய்யா, லைன்!"

"நானும் லைனத்தான சொல்லுதேன். இருவது வருசமா லைன்மேன்!"

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அடுத்த வாரம் y = mx + c. எம் என்றால் சாய்வு என்று சார் சொல்லி முடிக்கவில்லை. "சாஞ்ச போஸ்ட்ட ஒடனே நிமுத்தணும் சார். அதுக்குப் போயி ஒரு எழுத்து குடுத்து வச்சிருக்கியளே!" என்று வருத்தப்பட்டார். டுடோரியலில் வைத்த தேர்வுத்தாளில் புள்ளிகளை அச்சுப் பிசகாமல் வைத்து, இரண்டுக்கும் நடுவே அழகாகத் தொங்கும் ஒரு கோடு வரைந்திருந்தார். சார் முட்டை போட்டார். அண்ணாச்சி அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆடிப்பூரத் தேருக்கு வகுப்பு கிடையாது. தேர் வழியில் குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்த்து இறக்கிவிட்டு, அண்ணாச்சி கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். நான் கீழேயிருந்து வம்புக்கு இழுத்தேன்.

"ஏன் அண்ணாச்சி, ஒங்க ஊர்ல ஒரு கம்பி கூடவா நேரா இருக்காது?"

"ஸ்டே கம்பி இருக்குல்லா? போஸ்டு சாயாம தரையோட இழுத்துக் கட்டுறது. அது தொய்ஞ்சா போஸ்டே..."

அப்படியே நிறுத்தினார். சரசரவென்று இறங்கி வந்தார். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை.

"போஸ்டுதான் ஒய்யி. தரைதான் எக்ஸு. மேல கட்டுன எடம் ஆறு மீட்டர், அது சி. தரையில மூணு மீட்டர் தள்ளி அடிச்சிருக்கு. ஒரு மீட்டர் தள்ளுனா ரெண்டு மீட்டர் எறங்குது. எறங்குறதால மைனஸ். அட, ஒய் சமம் மைனஸ் ரெண்டு எக்ஸ் பிளஸ் ஆறு!"

பிளையர் முனையால் மண்ணில் எழுதியே விட்டார். தேர் போய் வெகு நேரமாகியும் அந்தத் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. அண்ணாச்சி ஒவ்வொரு ஸ்டே கம்பிக்கும் சமன்பாடு கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

பரீட்சையில் (1, 5), (3, 1) வழியாகப் போகும் கோட்டைக் கேட்டிருந்தார்கள். நான் மனதுக்குள் ஒரு கம்பத்தை நட்டு, ஏழு மீட்டர் உயரத்தில் கம்பியைக் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணாச்சி ஜன்னல் வழியே வெளியே நின்ற கம்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் அன்று ஷிப்ட் முடிந்து வந்தால், மில் வாசலில் பேப்பரும் கையுமாக அவர்.

"தாயி, ஒன் நம்பரு இருக்கு!"

"ஒங்க நம்பரு அண்ணாச்சி?"

"இன்னும் பாக்கல. ஒன்னதத்தான் மொதல்ல தேடுனேன். என்னத நீ பாரு."

தன் ஹால் டிக்கெட்டையும் சேர்த்து நீட்டினார். பேப்பரை வாங்கித் தேடினேன். அவர் நம்பர் கடைசி வரிசையில் இருந்தது. தொட்டுக் காட்டினேன், ஆனால் எனக்குக் கண் கலங்கி, அந்த வரிசை முழுவதும் கொஞ்சம் தொய்வாகத்தான் தெரிந்தது.