வில்லனுக்குப் போட்ட குலவை

எனக்கு எழுத்து கோணலாக வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேர்களும் மறந்துபோகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள். பிடித்த நடிகர் யார் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

திருவாடானைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மண்டபத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு கதாநாயகருக்கு அடிமை. திரையில் அவர் முகம் வந்ததும் எழுந்து சூடம் கொளுத்துவார். (வீட்டுச் சாமிக்குக் கொளுத்தி நான் பார்த்ததில்லை.) அந்த நடிகரைக் குறை சொன்னதற்காகச் சொந்தத் தாய்மாமனோடு பேச்சை நிறுத்தியவர் என்று வந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

அப்படிப்பட்டவர் என்னை முதன்முதலாகச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். டூரிங் கொட்டகை. நடுவில் தட்டி. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் மணலில் நானும் மாமியாரும். கடல்காற்றுக்குத் திரை ஆடும்போதெல்லாம் கதாநாயகர் கன்னம் உப்பி வற்றியது.

உள்ளதைச் சொல்கிறேன், அவரை எனக்குப் பிடிக்கவில்லை. தாய் சாகக் கிடக்கிறாள், வைத்தியரைக் கூப்பிடாமல் பாட்டுப் பாடுகிறார்! வில்லன் அப்படியில்லை. நிமிர்ந்த நடை, முறுக்கிய மீசை, கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில். (ஆம்பளன்னா இப்படியில்ல இருக்கணும்!) நினைத்த உடனே பயம் வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

கதாநாயகியை வில்லன் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் உட்கார வைத்தான். தாலியை எடுத்தான். கெட்டிமேளம் கொட்டியது.

எங்கள் பக்கம் தாலி ஏறும்போது பெண்கள் குலவை போட வேண்டும். என் குலவை பிறந்த ஊரில் பேர் பெற்றது. மேளத்தைக் கேட்டதும் நாக்கு என்னைக் கேட்காமலே சுழன்றுவிட்டது. ஒருத்தி தொடங்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பெண்கள் பக்கம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. கொட்டகையே அதிர்ந்தது.

ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "எவடி அவ, வில்லனுக்குக் குலவ போட்டவ?"

என் வீட்டுக்காரர் குரல்.

மணலை அள்ளித் திரையில் எறிந்தார்கள். தட்டி சாய்ந்தது. கொட்டகைக்காரர் மிஷினை நிறுத்தி எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமியார் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்து நடந்தேன். முன்னால் வீட்டுக்காரர் குதித்துக்கொண்டே போனார்.

"ஆத்தா, நீ அங்கனதான இருந்த? மொதல்ல போட்டவ யாரு? அவ புருஷன்ட்டச் சொல்லி அவளப் பொறந்த வீட்டுக்கே அனுப்பச் சொல்றேன்!"

அந்தப் புருஷன் யாரென்று எனக்குத் தெரியும். என்னைப் பெற்ற அய்யா முகத்தில் எப்படி விழிப்பது? என் தகரப்பெட்டியில் என்னென்ன சேலை இருக்கிறது என்று மனம் எண்ண ஆரம்பித்துவிட்டது.

மாமியார் வெற்றிலையைத் துப்பினார். "நாந்தேன் போட்டேன்."

"ஏத்தா... நீயா?"

"ஆமாலே. தாலி கட்டயில குலவ போடாம ஒப்பாரியா வைப்பாக? ஒங்கய்யாட்டச் சொல்லி என்னைய எங்க ஆத்தா வீட்டுக்கு அனுப்பு, போ!"

வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரை எட்டி நடந்தார். அடுப்படியில் மாமியார் என் காதருகே வந்து, "இனிமே போட்டா மெதுவாப் போடு தாயி" என்றார். போகிறபோக்கில், "அவந்தேன் மாப்பிள்ள மாதிரி இருந்தான்" என்றும் சொன்னார்.

மூத்தவன் பிறந்த சந்தோஷத்தில் உண்மையை வீட்டுக்காரரிடம் உளறிவிட்டேன். அவர் திட்டவில்லை. பிள்ளைக்கு அந்தக் கதாநாயகர் பேரையே வைத்துவிட்டார். பிடிக்காத நடிகர் பேரைச் சொல்லி இன்றைக்கும் சோறு தின்னக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி எடுக்கும் நேரம், "மாப்பிள்ள யாருன்னு பாத்துட்டுப் போடுங்க அப்பத்தா" என்று பேரப்பிள்ளைகள் கத்துவதும் நிற்கவில்லை.

படத்தின் பேர் நினைவில் இல்லை. மீதியை நான் பார்க்கவும் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்: அந்தத் தாலி ஏறியதா, இல்லையா?