கையெழுத்துக்குக் காத்திருந்த கூரை

ஓர் இடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவன் வீட்டு வேலை தொடங்கக்கூடாது. தொடங்கினாலும், மேசனோடு ஒப்பந்தம் எழுதக்கூடாது. நான் இரண்டையும் செய்தேன்.

கனடாவிலிருந்து என் மனைவியின் அக்கா வருகிறா என்று, வேலணையில் எங்கள் விறாந்தையோடு ஓர் அறை கூட்டிக் கட்டத் தொடங்கினோம். மேசன் ஜெயசீலன் நல்ல வேலைக்காரர். ஆனால் பக்கத்து வீட்டில் வேறொரு மேசன் வைத்த குளியலறைக் கதவு மதிலில் முட்டிப் பாதிதான் திறக்கும். (வீட்டுக்காரர் பக்கவாட்டாகத்தான் குளிக்கப் போவார்.) அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. எல்லாவற்றையும் எழுத்தில் போட்டேன். அதில் ஒன்று: "ஒவ்வொரு வேலையையும் உரிமையாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும்."

ஜெயசீலன் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நீங்கள் கந்தோருக்குப் போற ஆள் அண்ணை. இது சரிவருமோ?"

"சரிவரும். நீர் கையெழுத்தை வையும்."

அதன் பிறகு பல்லுத் தீட்டிக்கொண்டே சுவரைச் சுற்றுவேன். கந்தோரில் வயிற்றுக்குத்து என்று சொல்லி மத்தியானமே பஸ் ஏறுவேன். ஒருமுறை நான் வருமுன்னரே யன்னலுக்குக் கீழே பூசிவிட்டார். ஒப்பந்தத்தைக் காட்டிக் கொத்தி எடுக்க வைத்தேன். (பூச்சில் ஒரு பிழையும் இல்லை.)

அக்கா வந்து இறங்கிய கிழமை, புதுக்கூரையைப் பொருத்துவதற்காக விறாந்தை ஓடுகளைக் கழற்றினார்கள். பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு, ஒரு செத்தவீட்டுக்கு நெடுந்தீவுக்குப் போனேன். பின்னேரம் திரும்பலாம் என்று நினைப்பு. கடல் கொந்தளிக்கத் தொடங்கியது. படகு ஓடாது என்றார்கள். இறங்குதுறையில் முன்னும் பின்னுமாக நடந்தேன். வேலணைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜெயசீலனுக்குப் போன் எடுத்தேன்.

"ஓடுகளைப் போடும்! உடனே போடும்!"

"ஏலாது அண்ணை. கூரை மரம் அடிச்சு முடிஞ்சுது, அதை நீங்கள் நேரில பாத்த பிறகுதான் ஓடு எண்டு எழுதியிருக்கு."

"அதை எழுதினது நான்தானே!"

"ஓம். பூச்சைக் கொத்தச் சொன்னதும் நீங்கள்தான்."

போனில் அவருக்குப் பின்னால் என் மனைவியின் குரல் கேட்டது: "அந்தாளோட மினக்கெடாதையும் தம்பி, மழை வருது, தறப்பாளை மேல இழுத்துக் கட்டும்!"

அடுத்த நாள் முதல் படகில் ஓடிவந்தேன். தறப்பாளைக் காற்றுப் பிய்த்திருந்தது. தூறல் விடவில்லை. விறாந்தைக் கதிரையில், ஒரு கையில் குடையும் மறு கையில் தேத்தண்ணியுமாக அக்கா இருந்தா.

"வாரும்," என்றா. "கனடாவில இப்பிடி வெளியில இருந்து குடிக்கிறதெண்டால் கூடக் காசு குடுக்கவேணும்."

மனைவி நனைந்த ஒப்பந்தத்தையும் பேனையையும் நீட்டினா. கையெழுத்து வைக்கும் இடத்தைத் தேடினேன்.

"அதில இல்லை. பின்பக்கம் திருப்பி நான் சொல்லுறதை எழுதுங்கோ. வேலை முடியும்வரை உரிமையாளர் வீட்டு வளவுக்குள் வரக்கூடாது."

எழுதினேன். அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டா. நான் சுருவில் ஊரில் என் தம்பி வீட்டுக்குப் போய்க் கிடந்தேன். ஒரு கிழமையில் அறை முடிந்துவிட்டது.

இப்போதும் மண்கும்பான் வீதியில் எங்கள் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஜெயசீலனின் மோட்டார் சைக்கிள் வந்தால், இலேசில் முந்தாது. ஹோர்ன் அடித்து, வீதி முழுக்கக் கேட்கக் கத்துவார்: "அண்ணை, முந்தட்டோ? நேரில பாத்துச் சொல்லுங்கோ!"

நான் திரும்புமுன்னரே, பின்னால் இருக்கும் மனைவி கையைக் காட்டி அனுமதி கொடுத்துவிடுவா.