உத்தேசத்தின் ஏழு அண்டாக்கள்

மலேசியாவின் கோலசிலாங்கூரில் எந்தக் கேள்விக்கும் சரியான விடை சொல்லாத மனிதர் ஒருவரே இருந்தார். எந்தக் கேள்வியையும் விடை சொல்லாமல் விட்டுவிடாதவரும் அந்த ஒருவரே. அவர் அப்படி வாய்த்தது அந்த ஊரின் ஊழ். அவருக்கு அடுத்த மேசையில் ஆறாண்டுகள் அமர்ந்திருந்தது என் ஊழ்.

சென்ற வாரம் என் மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் இணையத்தில் சேலை விற்கிறாள். ஊருக்கு ஊர் அனுப்புகூலி சொல்லும் வெளி நிறுவனத்தின் கணினி படுத்துவிட்டதாம். கடை திறந்திருக்கிறது, வாங்குவோர் வந்து நிற்கிறார்கள், கூலி தெரியாமல் ஒரு சேலையும் நகரவில்லை. இந்தச் சலிப்பை நான் நாற்பதாண்டுகளுக்கு முன்பே பட்டு முடித்தவன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அவர் பெயர் உத்தேசம். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அதைச் சம்பளம் கொடுத்த முதலாளியே மறந்திருந்தார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார். மணி கேட்டால் அதைப் பார்ப்பார், பிறகு வானத்தைப் பார்ப்பார், அதன்பின் "உத்தேசமா பத்து" என்பார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது "உத்தேசமா நாலு" என்றார். வந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரை நெடுநேரம் பார்த்தார். நான்காவது பிள்ளை அந்த வாரம் பிறப்பதாக இருந்தது என்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது.

நானோ வேறு வார்ப்பு. என் தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஒற்று விடுபட்டால் ஒரு குட்டு என்னும் கணக்கில் எனக்குத் தமிழ் கற்பித்தவர். எழுத்தும் எண்ணும் பிசகினால் எனக்கு உண்ட சோறு செரிக்காது. நாங்கள் வேலை பார்த்த பாத்திரக் கடையில் விலைச்சீட்டு எழுதுவதும் வருகைப் பதிவேடு வைப்பதும் என் பொறுப்பு; அதனால் எனக்கும் கிராணி என்றே பெயர். எட்டு மணிக்கு வர வேண்டிய உத்தேசம் எட்டு முப்பத்தேழுக்கு வந்து, "உத்தேசமா எட்டு, கிராணி" என்பார். நான் எட்டு முப்பத்தேழு என்று எழுதுவேன். ஆறாண்டுகளில் ஒரு நிமிடமும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்நாளில் வடக்கே சபாக் வரையிலும் உள்ள தோட்டங்களிலிருந்து தொலைபேசி வழியாகவே எங்களுக்கு வியாபாரம் வரும். தோட்டத்து அலுவலகத் தொலைபேசியைக் கெஞ்சி வாங்கிப் பேசுவார்கள். ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் பாத்திரத்தின் விலையையும் லோரிக் கூலியையும் சேர்த்து, வீடு வந்து சேரும் விலை என்று ஒரே தொகையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லத் தவறினால் அடுத்த அழைப்பு தெலுக் இந்தானில் உள்ள வேறொரு கடைக்குப் போய்விடும்.

லோரிக் கூலியோ எங்கள் கையில் இல்லை. அது கிள்ளானில் இருந்த ஒரு லோரிக் கம்பெனியில், ஓர் அம்மையாரின் வாயில் இருந்தது. டீசல் விலை, பாலத்தின் நிலை, மழை, முதலாளியின் மனநிலை ஆகியவற்றைப் பொறுத்து வாரந்தோறும் மாறும். அச்சடித்துத் தரக் கேட்டோம். காகிதத்தில் இருந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் பார்த்துவிடுவான் என்று மறுத்துவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு குடத்துக்கும் ஒவ்வொரு குத்துவிளக்குக்கும் கிள்ளானைக் கூப்பிட வேண்டும். அம்மையார் சாப்பிடப் போனால் எங்கள் கடை நின்றுவிடும். அவருக்குக் காய்ச்சல் கண்டால் வட சிலாங்கூரில் பாத்திரம் விற்காது.

"நாளைக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லிச் சொல்லி என் நா தேய்ந்தது. உத்தேசம் ஒருபோதும் அப்படிச் சொல்லமாட்டார். கடைசியாகக் கேள்விப்பட்ட கூலிகளையெல்லாம் நாட்காட்டியின் பின்புறம் எழுதி வைத்திருந்தார். அம்மையார் கிடைக்காதபோது அதைப் புரட்டி விலை சொல்வார். நானும் ஒருநாள் நம்பிக்கையோடு புரட்டிப் பார்த்தேன். "செகிஞ்சான் – ஏழோ எட்டோ. மழைன்னா கூட" என்றிருந்தது. அவ்வளவுதான்.

மற்றொரு முறை, கிள்ளான் கிடைக்காததால், பாசிர் பெனம்பாங்கிலிருந்து வடக்கே போகும் மீன் லோரியில் ஒரு புதுமனைக்கான பாத்திரங்களை ஏற்றிவிட்டார். கூலி மலிவு, சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. ஆனால் புதுமனையில் காய்ச்சிய பாலில் இறால் மணந்தது. வீட்டுக்காரர் அரைமணி நேரம் தொலைபேசியில் எங்களை வாழ்த்தினார். அந்த வாழ்த்தையும் நான்தான் கேட்டேன். உத்தேசம் உத்தேசமாகச் சாப்பிடப் போயிருந்தார்.

பிறகுதான் அந்த மழைமாதம் வந்தது. ஜெராம் பக்கத்தில் மரம் சாய்ந்து கிள்ளானுக்குப் போகும் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. வடக்குக் கம்பிக்கு ஒரு குறையும் இல்லை. அதாவது, கேட்பவர்கள் எல்லாரும் கிடைத்தார்கள். சொல்ல வேண்டியவர் மட்டும் கிடைக்கவில்லை. லோரி நாள்தோறும் வந்தது. அதன் ஓட்டுநர் அந்தோணியிடம் கூலி கேட்டால், "நான் ஸ்டேரிங் மட்டும்தான் லா. ரேட்டெல்லாம் அந்தம்மா" என்பார். அவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினால் மறுநாள் மாலைதான் விடை வரும், சில நாள் அதுவும் வராது. அதற்குள் அவசரக்காரர்கள் வேறிடத்தில் வாங்கியிருப்பார்கள்; மற்றவர்கள் காத்திருந்தார்கள். எட்டு நாளில் கடையின் பின்கட்டில், விலை சொல்ல முடியாமல் கட்டிவைத்த மூட்டைகள் கூரையைத் தொட்டன. முதலாளி பேசுவதை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தொழிலாளரை மேய்க்கும் மண்டோர் ஒருவர் அழைத்தார். கோயில் திருவிழா வெள்ளிக்கிழமை. அன்னதானத்துக்கு ஏழு பெரிய அண்டாக்கள் வேண்டும். ஏழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். தோட்டத்தில் ஏழு லயங்கள், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகள். லயத்துக்கு ஓர் அண்டா சமைப்பது வழக்கம். ஓர் அண்டா அரை அங்குலம் பெரிதாக இருந்தாலும் அது எந்த லயத்துக்கு என்று கேட்டுத் திருவிழாவே நின்றுபோகும்.

"வீடு சேர என்னா வெல, கிராணி? கமிட்டி வெளியில நிக்கிது. நாலு மணிக்கு ஆபீஸ் பூட்டிருவாங்க" என்றார்.

நான் வழக்கம்போல நாளைக்கு என்று வாயெடுத்தேன். உத்தேசம் எழுந்து வந்தார். கடையிலிருந்த அண்டா ஒன்றை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கி, கண்ணை மூடி, குழந்தையை எடை பார்ப்பதுபோல் இருமுறை குலுக்கினார். பிறகு என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, ஏழுக்கும் சேர்த்துக் கூலி முப்பத்தைந்து வெள்ளி, அதற்குமேல் ஒரு காசு வராது என்று சொல்லிவிட்டார். கமிட்டி அங்கேயே ஒப்புக்கொண்டது. அந்த மாதத்தின் மிகப் பெரிய வியாபாரம் அது. முதலாளி ஒன்பது நாளில் முதன்முறையாகப் புன்னகைத்தார்.

மறுநாள் காலை அந்தோணி வந்து அண்டாக்களைச் சுற்றி ஒரு வலம் வந்தார். சுற்றி முடித்ததும் சிரித்தார்.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு போவாதே. எல்லாம் ஒரே சைஸு."

"போவாது" என்றார் உத்தேசம். "அதுக்கு என்னா? எடை கம்மிதானே?"

"வெறும் அண்டாவுக்கு எடை கணக்கு இல்ல லா. எடம் கணக்கு. இது முக்கா லோரி."

பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியே அனுப்பிப் பழகிய எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. முக்கால் லோரிக்குக் கூலி எவ்வளவு என்பது அந்தோணிக்குத் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வெள்ளி அதற்குக் கிட்டவும் வராது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. சொன்ன விலையை மாற்றினால் தோட்டங்களில் கடைக்குப் பெயர் போய்விடும். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த லோரிக்குக் கடைக் காசுல ஒரு வெள்ளி போச்சுன்னாலும், நாளையிலேருந்து நீ உத்தேசமாக்கூட வேலைக்கு வராத" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. உத்தேசத்துக்கும் அது விளங்கியது. அன்று முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு துல்லியம் வந்தது. வீட்டில் நான்கு பிள்ளைகள். உத்தேசமாக அல்ல, சரியாக நான்கு.

ஓர் அண்டாவுக்குள் குனிந்து அதன் ஆழத்தைக் கையால் அளந்தார். பிறகு பின்கட்டுக்குப் போனார். அங்கே தேங்கிக் கிடந்த மூட்டைகளில் வடக்குச் சாலைக்கு உரியவற்றைத் தனியே பிரித்தார். தொலைபேசியை எடுத்தார். தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பஞ்சாங் என்று காத்திருந்தவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தொலைவு எதுவாயினும் எல்லாருக்கும் ஒரே கூலி, சரக்கு இன்றே வருகிறது என்றார். தஞ்சோங் காராங்காரர் மட்டும், பக்கத்தில் இருக்கும் தனக்கும் எட்டத்தில் இருப்பவனுக்கும் ஒரே கூலியா என்று கேட்டார்.

"ஒங்களுக்கு மொதல்ல வந்துருதுல்ல, அண்ணே? சீக்கிரத்துக்கு ஒரு வெல இல்லியா?"

எதிர்முனை ஒப்புக்கொண்டது. அந்த வாதத்தில் எங்கே பிழை என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பத்து மணிக்குள் அந்த ஏழு அண்டாக்களின் வயிறும் நிறைந்துவிட்டது. ஒன்றில் சுங்கை பஞ்சாங்கின் தட்டுகளும் டம்ளர்களும், ஒன்றில் செகிஞ்சானின் குத்துவிளக்குகள், ஒன்றில் யாருடையவோ சீர்வரிசை. இடத்துக்குக் கூலி கொடுப்பதானால் அந்த இடத்தைக் காலியாக அனுப்புவானேன் என்பது அவர் எண்ணம். ஆனால் ஊர் ஊராக அண்டாவுக்குள் குனிந்து மூட்டை தேடுவது தன் வேலையில்லை என்று அந்தோணி சொல்லிவிட்டார். எனவே உத்தேசமே லோரியில் ஏறினார். முன்னிருக்கையில் அந்தோணியின் மனைவியும் அவர் அண்ணிக்குக் கொண்டுபோன பலாப்பழமும் இருந்தபடியால், பின்னால் ஏறினார்.

வண்டி கிளம்பும்போது மணி கேட்டேன். "உத்தேசமா பத்தரை" என்றார். பதினொன்றரை ஆகியிருந்தது.

பிற்பகல் மூன்றரை மணிக்கு மண்டோர் அழைத்தார். அண்டாக்கள் வந்து சேர்ந்தன, ஏழும் ஒரே அளவு, கமிட்டிக்கு நிறைவு என்றார். பிறகு தயங்கினார்.

"ஒங்க ஆளு அண்டாவுக்குள்ள ஒக்காந்து வந்தாருங்க, கிராணி. வழியில மழையாம். இன்னொரு அண்டாவத் தலைக்கு மேல கவுத்துக்கிட்டாரு. பிள்ளைங்கள்லாம் சாமி வருதுன்னு ஓடியாந்துட்டாங்க."

நான் சிரிக்கவில்லை. வழியில் அண்டாக்கள் ஒவ்வொன்றாகக் காலியானதும் அவற்றில் ஒன்றுக்குள் அவர் குடியேறிய காட்சியை எண்ணியபடி, விலைச்சீட்டில் தேதி எழுதினேன். தவறாக எழுதிவிட்டு அடித்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கிள்ளான் கம்பி உயிர்பெற்றது. அம்மையார் மீண்டும் கிடைத்தபோது, தனக்கு இப்படியோர் ஆட்சி இருந்ததை அவரே அறியாதவர்போல இயல்பாக அந்த முக்கால் லோரிக்குரிய தொகையைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். உத்தேசம் தன் மேசையிலிருந்து என்னைப் பார்க்கவில்லை. நாட்காட்டியின் பின்புறத்தைப் படிப்பதுபோல் இருந்தார். எல்லாரிடமும் வாங்கிய கூலியை மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் ஒரே விடை. கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதற்குப் பதினொரு வெள்ளி குறைந்தது.

என் சட்டைப்பையில் பன்னிரண்டு வெள்ளி இருந்தது.

முதலாளி வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சரியா இருக்கா?" என்றார்.

"உத்தேசமாச் சரிங்க, முதலாளி" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே போனார்.

மறுநாள் உத்தேசம் எட்டு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்குக் கடைக்குள் நுழைந்து, "உத்தேசமா எட்டு, கிராணி. பசியாறிட்டீங்களா?" என்றார். ஒரு வெள்ளி மட்டும் மிஞ்சியிருந்ததால் நான் இன்னும் பசியாறவில்லை. பதிவேட்டைத் திறந்து, எட்டு என்று எழுதினேன்.