பொடி டப்பியில் சம்பந்தி

மைசூர்,
1936 ஆகஸ்டு 12, புதன்கிழமை

மேல்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் நரசிம்மமூர்த்தி தண்டன் ஸமர்ப்பித்து எழுதிக்கொண்டது. தங்கள் சௌக்கியத்துக்கும் அக்காவின் முழங்கால் வலிக்கும் பதில் எழுதவும். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன். ஆனால் அது உண்மையில்லை.

என் பெண் ஸரஸாவுக்குத் தாங்கள் பார்த்த வரனின் தகப்பனார் செல்வப்பிள்ளை அய்யங்கார் வரும் சனிக்கிழமை மறுபடி மைசூருக்கு வருகிறாராம். எப்படியாவது அவரை அங்கேயே நிறுத்தவும். காரணத்தைச் சொல்கிறேன், படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

ஸரஸா பத்தொன்பது வயசுப் பெண், ஹைஸ்கூல் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே என்று, நான் சர்வே ஆபீசில் வைத்திருந்த காம்பஸையும் மைப்புட்டியையும் அவளிடம் கொடுத்தேன், வினை அங்கேதான் ஆரம்பம். நெருப்புப்பெட்டி, சோப்புக் காகிதம் எது கிடைத்தாலும் அதிலிருக்கும் எழுத்தையும் படத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தாள். எங்கள் தெருவில் குடியிருக்கும் கொள்ளேகாலத்து லிங்கப்பன், தேவராஜ மார்க்கெட்டில் மூக்குப்பொடிக்கடை வைத்திருப்பவன், அதைப் பார்த்துவிட்டு, "அம்மிணி, எம்பட டப்பிக்கு ஒரு லேபிள் போட்டுக் குடுங்க. பாத்த ஒடனே தும்மல் வரோணும்" என்றான். இவள் கருடன், தாமரை, இரண்டு யானை, பின்னால் அரண்மனை, எல்லாம் ஏழு வர்ணத்தில் போட்டுக் காட்டினாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பொடி எங்கீங்க அம்மிணி?" என்றான். ஒரு வர்ணத்துக்கு ஒரு அச்சுக்கல் வீதம் அச்சுக்கூடத்தில் வேண்டுமாம், இரண்டுக்கு மேல் கட்டாதாம். ஒருநாள் முழுக்க அழுதாள். மறுநாள் அச்சுக்கூடத்துக்கே போய், கன்னடத்தில் பொடிக்கு 'நஸ்ய' என்று கல்லிலேயே அழகாக எழுதினாள். அச்சில் அது இடவலம் மாறி வந்தது. கல்லில் திருப்பி எழுதினால்தான் காகிதத்தில் நேராக விழும் என்று அப்புறம்தான் யாரோ சொன்னார்களாம். அன்றிலிருந்து எல்லாவற்றையும் திருப்பியே எழுதிப் பழகினாள். மளிகைச் சீட்டைக்கூட அப்படித்தான் எழுதினாள்; செட்டியார் அதை உருது என்று நினைத்து, பக்கத்துக்கடை சாயபுவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

இதோடு போயிருந்தால் நான் பெருமாளுக்குப் பொங்கல் படைத்திருப்பேன். யானை வேண்டாம், பூ வேண்டாம், ஒரு முகம் போதும் என்று அவள் தீர்மானித்த சமயம் பார்த்துத்தான் செல்வப்பிள்ளை அய்யங்கார் பெண் பார்க்க வந்தார். ஸரஸா சேவித்து எழுந்திருக்கும்போது ஒரு சிட்டிகை பொடி இழுத்தார். கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, தும்மல் வருமா வராதா என்று அரை நிமிஷம் கூரையைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டோம். ஸரஸா குனியவில்லை.

அந்த அரை நிமிஷம் இப்போது ஐயாயிரம் டப்பியில் ஒட்டியிருக்கிறது, அத்திம்பேரே! கடையில் பார்த்ததும் நேரே வீட்டுக்கு ஓடிவந்தேன். "ஏண்டி, ஒனக்கு வேற மூஞ்சியே கெடைக்கலையா?" என்று கேட்டேன். "மத்தவாளெல்லாம் சட்டுனு தும்மிடறா, அப்பா. அவர் ஒருத்தர்தான் அவ்வளவு நேரம் நின்னார்" என்கிறாள். ஆத்துக்காரி பத்மாஸினியிடம் முறையிட்டால் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

சம்பந்தி கண்ணில் படுமுன் டப்பிகளை நானே வாங்கிவிடலாம் என்று பார்த்தேன். நான் போனால் லிங்கப்பன் சந்தேகப்படுவான் என்று ஜட்காக்காரன், பூக்காரி, போஸ்ட்மேன் என்று ஆள் மாற்றி ஆள் அனுப்பினேன். ஐந்தாம் நாள் லிங்கப்பன் ஓடிவந்தான். "சாமி, பொடியே போடாத சனமெல்லாம் வந்து வாங்குதுங்க! இன்னும் பத்தாயிரம் லேபிளுக்குச் சொல்லிப்போட்டேன். கடை வாசல்ல ஆளுயரத்துக்குப் பலகையும் எழுதோணுமுங்க!" என்றான். கட்டிலுக்கு அடியில் கால் நீட்ட இடமில்லாமல் டப்பி அடுக்கியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் சம்பந்தி கூரையைப் பார்க்கிறார்.

காம்பஸைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டேன். தாங்கள் பஸ் ஓடவில்லை என்றோ, நாள் நன்றாயில்லை என்றோ சொல்லி அவரை ஒரு மாசம் நிறுத்தினால் போதும். அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். திருநாராயணப் பெருமாள் எல்லாரையும் காப்பாற்றட்டும், முதலில் என்னை.

இப்படிக்கு,
அடியேன் நரசிம்மமூர்த்தி

பி.கு.: தபால் தலை ஒட்டும்போது வாசலில் ஜட்கா வந்து நின்றது. செல்வப்பிள்ளை அய்யங்காரேதான், மூன்று நாள் முன்னதாக, கையில் டப்பியோடு. "ஓய், இதை வரைஞ்சது யாரு?" என்றார். "நான்தான் மாமா" என்று ஸரஸா முன்னால் வந்து நின்றாள். "மூக்கு சரி. புருவம் சரி. நாமத்துக்குப் பாதம் எங்கே? மைசூர் முழுக்க என்னை வடகலை ஆக்கிட்டியே!" தென்கலை நாமத்தின் அடியில் மூக்குமேல் இறங்கும் அந்தச் சின்னப் பாதத்துக்கு லேபிளில் இடம் போதவில்லையாம், விட்டுவிட்டாளாம்! பத்தாயிரமும் அச்சாகுமுன் அதைப் போட்டாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பெட்டியைத் திறந்து காம்பஸை நானே எடுத்துக் கொடுத்தேன். "இனிமேலும் வரைவேன், மாமா" என்றாள் ஸரஸா, அவர் ஜட்காவில் ஏறும்போது. "பின்னே? பலகையில என்னை யார் எழுதுவா?" என்றார். ஆகவே அவரை நிறுத்த வேண்டாம். கடிதத்தையும் கிழிக்க வேண்டாம். கல்யாணத் தேதியைப் பற்றி மெல்லக் கேட்டுப் பார்த்தேன். வண்டியிலிருந்து தலையை நீட்டி, "முதல்ல பாதம், அப்புறம் முகூர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.